சிலிக்கோன் ரப்பரில் செராமிக் பொடி: வாசகர் கேள்விகள்

ஏ.டி.எச். (அலுமினியம் ஹைட்ராக்சைடு) பொடி போட்டால் இன்சுலேட்டரில் டிராக்கிங் (மேற்பரப்பில் மின்சாரம் ஓடிக் கரித்தடம் போடுவது) குறையுமாமே, எவ்வளவு போடலாம்? (ஓசூர்)

நூறு பங்கு ரப்பருக்கு நூறு பங்கு வரை போடலாம். சூடேறினால் இந்தப் பொடி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீராக விடும். மேற்பரப்பைக் காப்பது அதுதான். அளவு கூடக் கூட ரப்பர் சீக்கிரம் கிழியும். பொடியைக் காயவைத்துப் போடுங்கள்.

எங்கள் பாகங்களில் கொப்புளம் வருகிறது. என்ன செய்வது? (பாலக்கோடு)

எந்தப் பொடி, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எதையும் எழுதவில்லை. நாடி பிடிக்க விடாமல் மருந்து கேட்டால் எப்படி? ஏ.டி.எச். என்றால், வழக்கம்போல 200 டிகிரியில் நாலு மணி நேரம் ஓவனில் வைத்திருப்பீர்கள். அந்தச் சூட்டிலேயே அது தண்ணீர் விடத் தொடங்கிவிடும். 170-ஐத் தாண்டாமல் நேரத்தைக் கூட்டுங்கள். அப்புறமும் வந்தால் பொடியில் ஈரம். 110 டிகிரியில் ஓர் இரவு காயவையுங்கள்.

கிரானைட் அறுத்த தூள் இங்கே குவிந்து கிடக்கிறது. அதுவும் கல்தானே, ஃபில்லராக (நிரப்புப் பொடியாக) போட்டால் செலவு குறையாதா? (பர்கூர்)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. வேண்டாம். கல் மின்சாரம் கடத்தாது, சரி. ஆனால் அந்தத் தூளில் கல் மட்டுமா இருக்கிறது? பெரிய கல் கட்டிகளை அறுக்கும் கேங் சாவில் (பல அலகு ரம்பத்தில்) எஃகுக் குருணையும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரை ஊற்றித்தான் அறுக்கிறார்கள். அந்தத் தூளில் ஒரு கைப்பிடியைக் காயவைத்து வெள்ளைத் தாளில் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். கறுப்பு இரும்புத் துகள்கள் முள்முள்ளாக எழுந்து காந்தத்தின் பின்னாலேயே ஓடும். அதையா மின்காப்புக்குள் போடப் போகிறீர்கள்?

இரும்பைப் பிரித்தாலும் தொல்லை தீராது. தூள் முரடு, கூர்முனை. ரப்பர் அதை ஒட்டிப் பிடிக்காமல் ஓரத்தில் இடைவெளி விடும். உள்மின்கசிவு அங்கேதான் ஆரம்பிக்கும். ரப்பருக்கு வலுவூட்டப் போடும் நுண்பொடியான, ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டர் பரப்புள்ள ஃபியூம்டு சிலிக்கா தரும் வலிமையில் கால்வாசிகூட இது தராது. எனக்குத் தெரிந்த ஒரு ஷெட்டில் சொல்லியும் கேட்காமல் போட்டார்கள். சாய்தளச் சோதனையில் (துண்டைச் சாய்த்து, மின்கடத்தும் நீரை வழியவிட்டு மின்னழுத்தம் கொடுப்பது) 4.5 கிலோவோல்ட்டை ஆறு மணி நேரம் தாங்க வேண்டிய துண்டு, ஒரு மணி நேரத்தில் கரிப்பள்ளமாகிவிட்டது. இன்னொன்று, அந்தத் தூளில் இருப்பது குவார்ட்ஸ். ரப்பர் கலக்கும் மில்லில் நிற்கும் ஆளின் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. பொடி எதுவானாலும் முகக்கவசம் போடச் சொல்லுங்கள்.

சூடு வெளியேற எந்தப் பொடி? (ஓசூர்)

அலுமினா. வெறும் சிலிக்கோனின் வெப்பக் கடத்தல் மீட்டர்-கெல்வினுக்கு 0.2 வாட், நிறைய அலுமினா சேர்த்தால் ஒன்றைத் தாண்டும். இன்னும் வேண்டும், விலையும் கட்டும் என்றால் போரான் நைட்ரைடு.

பொடி அதிகமானால் மழைநீர் முத்தாக உருளாதா? (அரூர்)

பாதிக்கும். உள்ளிருந்து கசியும் சிறு சிலிக்கோன் மூலக்கூறுகள்தான் அழுக்குப் படிந்த மேற்பரப்பைக்கூட நீர் ஒட்டாமல் வைக்கின்றன; பொடி கூடினால் கசிவு மெதுவாகும். பொடியை ரப்பரோடு ஒட்டவைக்கும் வினைல் சிலேன் பூசிய பொடி கிரேடு கேளுங்கள். அதையும் காயவைத்துத்தான் போட வேண்டும்.