'செர்விகல்' என்றாலே புற்றுநோயா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. கழுத்து வலிக்கு எக்ஸ்ரே எடுத்தோம். ரிப்போர்ட்டில் 'செர்விகல் ஸ்பாண்டிலோசிஸ், சி5-சி6' என்று இருக்கிறது. செர்விகல் என்றால் கருப்பை வாய்ப் புற்றுநோய்தானே? அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. — வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். இது புற்றுநோய் இல்லை, கழுத்து எலும்புத் தேய்மானம். வயதானால் பெரும்பாலோருக்கு வருவது. கழுத்தில் இருக்கும் 7 எலும்புகளில் ஐந்தும் ஆறும் சேரும் இடத்தைத்தான் 'சி5-சி6' என்கிறார்கள்.

லத்தீனில் 'செர்விக்ஸ்' என்றால் கழுத்து. கருப்பையின் அடிப்பக்கம், கவிழ்த்த சுரைக்குடுக்கை மாதிரி ஒடுங்கியிருப்பதால் அதற்கும் அதே பெயர். ஜெர்மன்காரர் இரண்டையும் 'ஹால்ஸ்' என்பார். சீனத்திலும் இரண்டுக்கும் ஒரே 'ஜிங்'தான். நாமோ அதை 'வாய்' என்கிறோம். கழுத்தோடு அதற்குள்ள உறவு தமிழில் தெரியாமல் போனது அதனால்தான்.

அதனால் அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள். 'ஸ்பைன்', 'ஸ்பாண்டிலோசிஸ்' என்றிருந்தால் கழுத்து. பல் ரிப்போர்ட் மட்டும் தனி. பல்லுக்கும் ஒரு கழுத்து உண்டு, ஈறைத் தொடும் இடம். அழுத்தித் துலக்கி அங்கே தேய்ந்தாலும் 'செர்விகல்' என்றே எழுதுவார்கள். அதைப் பார்த்து மகப்பேறு மருத்துவரிடம் ஓடியவர்களும் உண்டு!

ரிப்போர்ட் என்பது ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதுவது. அதை முதலில் நோயாளியின் போனுக்கு அனுப்பிவிட்டு, அப்பாயின்மென்ட்டை வாரக்கணக்கில் தள்ளிக் கொடுத்தால் வீட்டில் யார் தூங்குவார்கள்? நான்கு அதிகாரத்துவ மொழிகள் என்கிறோம். ரிப்போர்ட்டின் கீழே தமிழில் ஒரு வரி போட ஆளில்லை.

இந்தப் பயத்தை வைத்துத்தான் சிலர் பிழைக்கிறார்கள். 'கேன்சர் மார்க்கர்' ரத்தப் பரிசோதனை பேக்கேஜ் என்று ஏஜென்ட் வந்தால் வாசலோடு அனுப்புங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயை ரத்தத்தில் தேடுவதில்லை, அந்த இடத்திலேயே மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு கழுத்தை நெட்டி முறிக்கும் கடைகளுக்கும் போகாதீர்கள். அப்புறம் அந்த 'செர்விகல் தலையணை'. ரோமானியர் தலையணையையே 'செர்விகல்' என்றுதான் சொன்னார்கள். ஆக, தலையணைத் தலையணைக்குத்தான் நூற்றுக்கணக்கில் வெள்ளி கேட்கிறார்கள். கழுத்து மடங்காமல் தாங்கும் சாதாரணத் தலையணை போதும்.

அம்மாவுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடங்காவிட்டாலோ அப்பாயின்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இல்லையென்றால் வலி மாத்திரையும் பிசியோதெரபியும் பெரும்பாலும் போதும்.

கருப்பை வாய்ப் பரிசோதனை வேறு கணக்கு. 30 வயதிலிருந்து 5 ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை, அதாவது அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. பலதுறை மருந்தகத்திலேயே (பாலிகிளினிக்) செய்யலாம், குடிமக்களுக்கு மானியமும் உண்டு. அம்மா கடைசியாக எப்போது செய்தார் என்று கேளுங்கள்.