பீட்டில் ஹீட்டர்: இடப்பக்கம் சூடு, வலப்பக்கம் பச்சைத்தண்ணி

உங்கள் 1967 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில் காலையில் குன்னூரிலிருந்து ஊட்டி ஏறும்போது இடப்பக்கம் மட்டும் வெதுவெதுப்பு வருகிறது, ஓட்டுநர் கால் விறைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பக்கமும் குளிர்ந்தால் வேறு கதை. ஒரு பக்கம் மட்டும் என்றால் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்படுவேன்.

ஹேண்ட்பிரேக் அருகிலுள்ள சிவப்புக் குமிழ் லீவர் ஒன்றுதான், ஆனால் அது இழுப்பது இரண்டு கேபிளை. இன்ஜின் ஆறியபின் ஒருவரை உள்ளே உட்கார்ந்து லீவரை இழுக்கச் சொல்லிவிட்டு, பின்சக்கரம் பக்கம் குனிந்து பாருங்கள். அங்கே எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி, காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் பெட்டி பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். அதன் முன்முனையில் மூடியைத் திறக்கும் சின்னக் கை இரண்டு பக்கமும் அசைய வேண்டும். என் வண்டியில் கேபிள் நன்றாகத்தான் இருந்தது. நம்ம ஊர் ஈரத்தில் மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்ததும் இளகிவிட்டது.

மூடி அசைகிறதா? அப்புறம் இன்ஜினைக் குளிர்விக்கும் ஃபேனின் கவசத்திலிருந்து பெட்டிக்கு இறங்கும் குழாய் கழன்றிருக்கிறதா, கிழிந்திருக்கிறதா பாருங்கள். அதுவும் சரியென்றால் கதவுக்கடியில் காற்று போகும் வழி துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். அது வெல்டிங் வேலை, செலவுதான்.

இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் சூடு குறையும், அது கோளாறில்லை. சூடு வருவதே எக்ஸாஸ்டிலிருந்துதானே. அதனாலேயே உள்ளே புகைவாடை அடித்தால் ஹீட்டரை மூடி, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். பெட்டி ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாடையே கிடையாது. பெட்டியைச் சோதிக்கும்வரை கம்பளிதான்.