ஒரே மேகத்துக்கு இரண்டு நிறையா?

கேள்வி: சிறிய மெகல்லன் மேகம் போன்ற பக்கத்துக் குறுங்கேலக்ஸிகளில், ஒரே மூலக்கூறு மேகத்துக்கு (நட்சத்திரங்கள் பிறக்கும் குளிர்ந்த வாயு மேகம்) ஒரு ஆய்வுக்கட்டுரை ஒரு நிறையும் இன்னொன்று பல மடங்கு அதிகமாகவும் சொல்கிறதே, எது சரி?

பெரும்பாலும் இரண்டுமே சரிதான். அளந்த பொருள் வேறு.

மேகத்தில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறுதான். ஆனால் அது சமச்சீரான மூலக்கூறு, அதைக் கிளறி ஒளிர வைக்கவே சுமார் 500 கெல்வினுக்கு ஈடான ஆற்றல் வேண்டும், மேகமோ 10, 20 கெல்வினில் குளிர்ந்து கிடக்கிறது. அதனால் கூடவே கொஞ்சூண்டு இருக்கும் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்கிறோம். 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் அது விடும் ரேடியோ ஒளிர்வை ஒரு காரணியால் பெருக்கினால் நிறை வந்துவிடும். பால்வெளியில் அந்தக் காரணி சுமார் 4.3 (அலகு வாயில் நுழையாது, விடுங்கள்).

எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் நானும் அந்த 4.3-ஐ அப்படியே போட்டுவிட்டு, இத்தனை நட்சத்திரம் பிறக்கிற இடத்தில் வாயு இவ்வளவுதானா என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தேன். கைடு எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏம்பா, எந்த ஊர்ப் படியால அளந்தே?"

ஊர் மாறினால் படி மாறும், அவ்வளவுதான். சிறிய மெகல்லன் மேகத்தில் கன தனிமங்கள் (ஹைட்ரஜன், ஹீலியத்தைவிடக் கனமானவை) சூரியனில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். தனிமம் குறைந்தால் தூசியும் குறைவு, தூசி குறைந்தால் புற ஊதாக் கதிர் உள்ளே புகுந்து கார்பன் மோனாக்சைடை உடைத்துவிடும். ஹைட்ரஜன் மூலக்கூறு தன்னைத்தானே மறைத்துக்கொண்டு தப்பிக்கும். ஆக, கார்பன் மோனாக்சைடு நடுக்கருவில் மட்டும் மிஞ்ச, சுற்றியிருக்கும் ஹைட்ரஜன் நம் கண்ணுக்கே படாது. சுமார் 30 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் டபிள்யூ.எல்.எம். கேலக்ஸியில் கன தனிமம் இன்னும் குறைவு, 13 சதவீதம்தான். 2013-இல் அங்கே கணக்கிட்ட காரணி சுமார் 124!

சரி, காரணியை நம்பாமல் எப்படி அளப்பது? ஒன்று, விரியல் முறை. மேகம் தன் ஈர்ப்பால் கட்டுண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, 1040-ஐ பார்செக்கில் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) சொன்ன ஆரத்தாலும், வேகச் சிதறலின் (மேகத்துக்குள் வாயுவின் வேகம் எவ்வளவு முன்பின் மாறுகிறது என்பதன்) வர்க்கத்தாலும் பெருக்குவது. 2 பார்செக் ஆரம், வினாடிக்கு 1 கி.மீ. சிதறல் என்றால் சுமார் 2,000 சூரிய நிறை. 2015-இல் சிலியில் உள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கி டபிள்யூ.எல்.எம்.-இல் பிரித்துக் காட்டிய குட்டி மேகங்கள் சராசரியாக இந்த அளவுதான். ஆனால் ஆரம், வேகம் இரண்டும் கார்பன் மோனாக்சைடிலிருந்து எடுத்தவை, அதனால் கிடைப்பது கருவின் நிறை மட்டுமே.

இன்னொன்று, தூசி முறை. அகச்சிவப்பில் தூசியை அளந்து, வாயு-தூசி விகிதத்தால் பெருக்கி, 21 செ.மீ. அலையில் தெரியும் அணு ஹைட்ரஜனைக் கழித்தால் மீதி மூலக்கூறு வாயு. மேலே இருக்கும் 124-உம் இப்படி வந்ததுதான். முழு மேகத்துக்கு எனக்கு இதுதான் பிடித்த வழி, அந்த விகிதத்தைப் பிடிப்பதுதான் தலைவலி என்றாலும்.

நீங்கள் பார்த்த இரண்டு எண்ணில் சின்னது விரியலில் வந்ததா என்று கட்டுரையில் தேடிப் பாருங்கள். அநேகமாக அப்படித்தான் இருக்கும்.