செவிலியராக வேலை பார்த்த அம்மாவிடம் வளர்ந்த அனுபவம் உங்களுக்கு எப்படி இருந்தது?

வேலூர்ப் பக்கம், அம்மா நர்ஸ் என்று சொன்னால் எல்லோரும் உடனே "சி.எம்.சி.யா?" என்று, வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைத்தான் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை, 1909-லேயே நர்சிங் பள்ளி தொடங்கிய ஊர், 1946-ல் நர்சிங் பட்டப்படிப்பும் வந்துவிட்டது. ஆனால் என் அம்மா அங்கே இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் 1979-லிருந்து 2014 வரை கிராம சுகாதார செவிலியர். ஊர் ஜனங்களுக்கு நர்சம்மா. ஒரு துணை சுகாதார நிலையம், அதைச் சுற்றி நாலைந்து ஊர், ஒரு தோள்பை, ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டி, அப்புறம் தூக்க முடியாத அளவுக்கு ரிஜிஸ்டர்கள், அவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி.

அப்பாவுக்குக் கைத்தறி லுங்கி நெய்கிற வேலை, தறி வீட்டிலேயே இருந்தது. அதனால் எனக்கும் தம்பிக்கும் சோறு வடித்துப் போட்டது, தலை சீவி பள்ளிக்கு அனுப்பியது எல்லாம் பெரும்பாலும் அப்பாதான். அம்மா காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். ராத்திரி யாராவது சைக்கிளில் வந்து வாசலில் நின்று "நர்சம்மா, வலி எடுத்துக்கினு இருக்குது" என்றால் அப்போதும் போய்விடுவார். சின்ன வயதில் எனக்கு அந்த சைக்கிள் பெல் சத்தமே பிடிக்காது.

அம்மாவோடு லீவு நாட்களில் கூடப் போயிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் ஒரு தெரு தமிழ், அடுத்த தெரு தெலுங்கு, பேரணாம்பட்டை நெருங்கினால் உருது. அம்மாவுக்கு மூன்றிலும் பேச வரும், இலக்கணம் எப்படி இருந்ததோ தெரியாது, ஆனால் "மாத்திரை சாப்பிட்டியா, பொய் சொல்லாதே" என்பதை மூன்றிலும் ஒரே அதட்டலோடு சொல்வார். வீட்டுக்கு வீடு பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, எழுந்தால் அன்றைய கணக்குக் குறையும், அதனால் நர்ஸ் வந்திருக்கிறார் என்பதற்காக யாரும் எழுந்து வரமாட்டார்கள். அம்மா அவர்களை எழுப்பவும் மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரியை வாங்கி இலையை வெட்டிக் கொடுத்துக்கொண்டே எத்தனை மாதம், கால் வீங்குகிறதா, கண்ணைக் காட்டு என்று எல்லாம் விசாரித்து முடித்துவிடுவார். கிளம்பும்போது தூளியைத் தூக்கிப் புகையிலைத் தூள் பறக்காத மூலையில் அவரே கட்டிவிட்டு வருவார்.

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பிரசவம் பார்த்து முடித்த வீட்டுக்கு மறுநாளும் ஏன் போகிறார், மூன்றாம் நாளும் ஏன் போகிறார், ஏழாம் நாளும் ஏன்? குழந்தைதான் பிறந்துவிட்டதே. எனக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள்கூட, கஷாயத்தைக் கொடுத்துவிட்டு "மூணாம் நாள் வீடு ஒண்ணு இருக்குது, போயிட்டு வந்துடறேன்" என்று போனார். அதற்காக அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அதற்கான காரணத்தை 2005-ல், எனக்கு முதல் குழந்தை பிறந்தபோதுதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் பிரசவம், டாக்டர் பார்த்து எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தும் அம்மா விடவில்லை. தினமும் காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பார், நான் மாற்றிப் போட்ட துணியை எடுத்து முகர்ந்து பார்ப்பார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஏம்மா இதெல்லாம்?" என்று சிடுசிடுத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துணியை மடித்தபடியே சொன்னார்.

வேலையில் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருந்ததாம். கார்த்திகை மாதம், அடைமழை. பத்தொன்பது வயதுப் பெண், தலைப்பிரசவம், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அம்மாதான் பார்த்தார். பெண் குழந்தை, தாயும் நன்றாகத்தான் இருந்தாள். மறுநாள் கௌண்டன்யா ஆற்றில் தண்ணீர், அந்தப் பக்கம் போக வழியில்லை. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூணாம் நாள் தண்ணி வடிஞ்சிடுச்சு. போயிருக்கலாம். அன்னிக்கு மீட்டிங் இருந்தது, ரிஜிஸ்டரை எடுத்துக்கிட்டு மீட்டிங்குக்குப் போயிட்டேன். நாலாம் நாள் போனேன்."

நாலாம் நாள் போனபோது அந்தப் பெண் ஜன்னல் சாத்திய அறையில், குளிர் படக்கூடாது என்று கம்பளி போர்த்தி, அனலாகக் கொதித்துக்கொண்டு பிதற்றிக்கொண்டிருந்தாள். குனிந்ததுமே நாற்றம் வந்ததாம். கர்ப்பப்பையில் சீழ் பிடித்து ரத்தத்தில் ஏறிவிட்டது. வீட்டார் ஜன்னி என்று நினைத்து வேப்பிலை கட்டியிருந்தார்கள். மாட்டுவண்டியில் தார்ரோடு வரைக்கும் கொண்டுபோய், அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தும் மறுநாள் காலையில் போய்விட்டாள்.

அம்மா அழவில்லை. "ஒரு நாள் முன்ன போயிருந்தா ஊசியில அடங்கியிருக்கும்" என்று மட்டும் சொன்னார். அடங்கியிருக்குமா என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் அவர் அப்படித்தான் நம்பினார். அதற்குப் பிறகு முப்பது வருடம் மூன்றாம் நாள் வீட்டைத் தள்ளிப்போட்டதே இல்லை. மீட்டிங்குக்குப் போகாமல் மெமோ வாங்கியிருக்கிறார், வாங்கியும் போகவில்லை. அந்தப் பெண் குழந்தை பாட்டியிடம் வளர்ந்தது, பால் பவுடரும் கையுமாக ஒரு வருடம் வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போனார்.

சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் தங்கள் மனைவிக்குப் பிரசவம் பார்க்க அவரைக் கூப்பிட வந்தார்கள், ஆண் டாக்டரான அவருடைய அப்பா வேண்டாம் என்றார்கள், விடிந்தால் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள், அதனால்தான் அவர் டாக்டர் ஆனார் என்பது. அம்மா அந்தக் கதையைச் சொன்னதில்லை. அவர் சொல்வது வேறு: நூறு வருடத்துக்கு முன்னாலேயே அந்த அம்மா வேலூரிலிருந்து குடியாத்தம் வரும் ரோட்டில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்திருக்கிறார், அதுவும் வாராவாரம். "ஒருநாள் வந்து நூறு பேரைப் பார்த்துட்டுப் போறது யாரும் செய்வாங்க. அடுத்த வாரமும் வந்தாங்க பாரு" என்பார். இப்போது எனக்கு அது யாரைப் பற்றிய பேச்சு என்று தெரிகிறது.

போலியோ சொட்டு மருந்து முகாம்கள் வந்த பிறகு அவருக்கு இந்தக் குணம் நன்றாக உதவியது. ஞாயிற்றுக்கிழமை முகாம் முடிந்து வீடு வீடாகப் போவார்கள், எல்லாக் குழந்தைக்கும் போட்டாகிவிட்டால் சுவரில் சாக்பீஸால் பி என்று எழுதுவார்கள், விட்டுப்போன வீட்டுக்கு எக்ஸ். அந்த எக்ஸ் வீடுகள்தான் அம்மாவுக்கு. சாயங்காலம் போவார், பூட்டியிருந்தால் விடியற்காலையில் போவார், இடது சுண்டுவிரலில் மை தெரிகிற வரைக்கும் விடமாட்டார். நாட்டில் இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்தது என்று சான்றிதழ் கொடுத்தார்கள், அதே வருடம் அம்மா ரிட்டையர் ஆனார். பேப்பரில் வந்த அந்தச் செய்தியை வெட்டி ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார்.

108 வண்டி 2008-ல் வந்த பிறகு ராத்திரி சைக்கிள் பெல் நின்றுபோனது. வீட்டில் பிரசவம் பார்க்க வேண்டிய அவசியமே கிட்டத்தட்ட இல்லாமல் போனதில் உங்களுக்கு வருத்தம் இல்லையா என்று கேட்டேன். "எதுக்கு வருத்தம்? நிம்மதியா தூங்கறேன்" என்றார். மூன்றாம் நாள் வீடு மட்டும் அப்போதும் தொடர்ந்தது.

கடைசியில் அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி ஒன்றரை வருடம் டயாலிசிஸ். அதைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. தினமும் காலையில் தன் எடையைத் தானே பார்த்து, எத்தனை டம்ளர் தண்ணீர் என்று பழைய ரிஜிஸ்டர் மாதிரியே கோடு போட்டு எழுதி வைத்தார். 2022 மாசியில், வீட்டில், தறி இருந்த அறையில் இறந்தார்.

சாவுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், பீடி முறத்தை அப்படியே வைத்துவிட்டு ஊரோடு ஆட்டோ பிடித்து வந்தவர்கள் இருந்தார்கள். எல்லோரும் போன பிறகு, மூன்றாம் நாள் காலையில் ஒரு சின்னப் பெண் தோள்பையோடு வாசலில் நின்றாள். எங்கள் தெருவுக்கு இப்போதிருக்கிற நர்ஸ், அம்மா ரிட்டையர் ஆவதற்கு முன்னால் கொஞ்ச நாள் அவரோடு அலைந்து வேலை பழகியவளாம். துக்கம் கேட்டுவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, பி.பி. பார்த்து, நூற்று எழுபது இருக்கிறது, மூன்று நாளாக மாத்திரை போடவில்லையா என்று அதட்டினாள். அப்பா பதில் சொல்லவில்லை. மாத்திரையை அவளே பிரித்துக் கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்து, நோட்டில் எழுதிக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை வரேன் தாத்தா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வந்தாள்.