காசு கொடுத்து விட்ட புழு எங்கே போனது?

கேள்வி: வணக்கம் ஐயா. வீட்டுக்குப் பின்னால் கத்தரி, வெண்டை, மிளகாய் போட்டிருக்கிறேன். மழை விட்டால் மண் சிமெண்டு மாதிரி இறுகிவிடுகிறது. மண்புழு விட்டால் இளகும் என்றார்கள். 2 கிலோ வாங்கி விட்டேன். பத்து நாளில் ஒன்றைக்கூடக் காணோம். இன்னும் வாங்கலாமா?
- வாசகி, நிபோங் திபால்

பதில்: வேண்டாம் தங்கச்சி. கிலோ கணக்கில் விற்பது பெரும்பாலும் உரம் செய்கிற ஆப்பிரிக்கப் புழு. சாணமும் மட்கிய இலையும் குவிந்து கிடந்தால்தான் அது பிழைக்கும். உங்கள் களிமண்ணில் அதற்குப் பட்டினிதான்.

மண்ணைக் குடைந்து வழி போடுவது வேறு சாதி. வீட்டில் வாழை இருந்தால் அதன் அடியிலேயே அது இருக்கும். பாத்தியில் ஒரு குழி, வாழையடியில் ஒரு குழியாக, நாலாபக்கமும் ஒரு சாண் வைத்து ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, மண்ணைச் சாக்கில் கொட்டிப் புழுவை எண்ணிப் பாருங்கள். ஏன் அங்கே நிறைய, இங்கே இல்லை? வாழையடியில் சருகு, நிழல், ஈரம். மண்புழு ஈரத் தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. வெயில் காயும் வெறும் பாத்தி அதற்கு அடுப்பு. வாழைச் சருகு, வெட்டிய புல் என்று கிடைத்ததை நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். லாலாங் களைப்புல் என்றால் வேர்த்தண்டு இல்லாமல் போடுங்கள், இல்லாவிட்டால் அதுதான் அறுவடை!

யூரியாவைக் கொட்டக் கொட்ட மண் புளித்துப்போகும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5-க்குக் கீழே போனால் பல புழுக்களுக்கு ஆகாது. சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். மிளகாய்க்குச் செம்பு கலந்த பூஞ்சண மருந்து அடிக்கிறீர்களா? செம்பு மண்ணை விட்டுப் போகாது, புழுவுக்கும் ஆகாது. குறையுங்கள்.

கோழி எரு நல்லதுதான், ஆனால் மட்கியதாக இருக்க வேண்டும். புக்கிட் மெர்தாஜாமில் நான் ஒருமுறை அவசரப்பட்டுப் பச்சை எருவை மூட்டையோடு கவிழ்த்தேன். விடிந்து பார்த்தால் புழுவெல்லாம் சிமெண்டுத் தரையில் காய்ந்து கிடக்க, எறும்பு இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் காரத்துக்கு எது நிற்கும்?

செப்டம்பர், அக்டோபர் பெருமழைக்கு முன் அந்தச் சருகு மூடாக்கைப் போட்டுவிட்டு, மண்வெட்டியை ஓரமாக வையுங்கள். கிளறக் கிளறப் புழு வெட்டுப்படும், அது போட்ட வழியும் அடைபடும்.

அப்புறம், வீட்டில் கோழியை அவிழ்த்து விடுவீர்களா? எழுதவில்லையே. விடுவீர்கள் என்றால், 2 கிலோ எங்கே போனது என்று அதைத்தான் கேட்க வேண்டும்.