மணி அடிக்கக் கை வரவில்லையா? ஜன்னல் வேலை கேட்டு வீடு வீடாகப் போகிறவர்களுக்குக் கேள்வி பதில்

புதுச்சேரியிலும் கடலூரிலும் ஜன்னல் கண்ணாடி சுத்தம் செய்யும் வேலையைச் சொந்தமாக ஆரம்பித்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வேலை எல்லாருக்கும் நன்றாகவே தெரிகிறது. வாசலில் போய் நின்று கேட்பதில்தான் தடுமாற்றம். என் வாடிக்கை வீடுகளில் பெரும்பாலானவை இப்படி மணி அடித்துக் கேட்டுக் கிடைத்தவைதான். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (லாசுப்பேட்டை, 24 வயது): கேட் முன்னால் நின்றதுமே நெஞ்சு படபடக்கிறது, தொண்டை வறண்டுபோகிறது. தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு ஒரு வீட்டிலும் மணி அடிக்காமல் திரும்பிவிட்டேன். பயம் கொஞ்சம் தெளிந்தபிறகு போகலாமா?

பதில்: அப்படிக் காத்திருந்தால் அது தெளியவே தெளியாது தம்பி. ஒரு கேட்டைத் தாண்டி நடந்ததும் 'அப்பாடா' என்று இருந்திருக்கும். அந்த 'அப்பாடா'தான் பயத்துக்குத் தீனி. தப்பித்துவிட்டோம் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது, அடுத்த கேட் இன்னும் கஷ்டமாகிறது. மணியை அடித்துவிட்டு அங்கேயே நின்றால், படபடப்பு ஏறுகிற வரை ஏறிவிட்டுத் தானாக இறங்கும். நாலைந்து வீடு போனபிறகு ஏறுவதே குறைந்துவிடும்.

ஏதோ ஆபத்து என்று நினைத்து உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிப்பதும் வாய் உலர்வதும் அதனால்தான். உங்களுக்கு இந்த வேலை ஒத்துவராது என்று அதற்கு அர்த்தமில்லை. கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். தெருமுனையில் நின்று, நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் துடிப்பு நிதானப்படும்.

மூச்சைவிட எனக்கு உதவியது வேறு ஒன்று. கேட் முன்னால் நிற்கும்போது நம் நினைப்பு முழுக்க நம் மேலேயே இருக்கிறது. எப்படித் தெரிகிறோம், என்ன நினைப்பார்கள், குரல் நடுங்குமா என்று. அந்தக் கண்ணை அப்படியே ஜன்னல் பக்கம் திருப்புங்கள். மாடி ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்மூலையில் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்க்கறை இருக்கிறதா? கிரில்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒட்டடை தொங்குகிறதா? கொசுவலை கறுத்துக் காற்றே நுழையாத மாதிரி இருக்கிறதா? ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மணியை அடியுங்கள். சொல்வதற்கு உண்மையான ஒரு விஷயம் கையில் இருக்கும்போது வாய் அவ்வளவாகக் குழறாது.

கேள்வி (முத்தியால்பேட்டை): என்ன பேச வேண்டும் என்று எழுதி மனப்பாடம் செய்தேன். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோகிறது.

பதில்: மனப்பாடம் செய்ததால்தான் மறக்கிறது. ஒரு வார்த்தை விட்டுப்போனால் மொத்தமும் போய்விடும். நான் யார், என்ன பார்த்தேன், என்ன கேட்கிறேன் என்ற மூன்றும் ஞாபகம் இருந்தால் போதும். நான் இப்படித்தான் கேட்பேன்:

"வணக்கம்மா. நான் இங்க முத்தியால்பேட்டைதான். ஜன்னல் கண்ணாடி, கொசுவலை கிளீன் பண்ற வேலை. உங்க மாடி ஜன்னல்ல போர் தண்ணிக்கறை படிஞ்சிருக்கு. ஒரு கண்ணாடி மட்டும் துடைச்சுக் காட்டட்டுங்களா? பிடிச்சிருந்தா மத்ததைப் பேசிக்கலாம்."

அவ்வளவுதான். 'தொந்தரவுக்கு மன்னிக்கணும்' என்று ஆரம்பிக்காதீர்கள், நீங்களே அதைத் தொந்தரவு என்று சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கேட்டு முடித்ததும் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். பயத்தில் இருப்பவர்கள் அந்த இரண்டு நொடி அமைதி தாங்காமல் 'வேண்டாம்னாலும் பரவாயில்லைங்க' என்று தாங்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் யோசிக்கட்டும்.

ஒரு கண்ணாடியைத் துடைத்துக் காட்டுவதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. வெயில் படாத பக்கத்துக் கண்ணாடியாகத் தேர்ந்தெடுங்கள். வெயிலில் சோப்புத் தண்ணீர் காய்ந்து கோடு விழும். முதலில் நன்றாக நனையுங்கள். ரப்பர் வைப்பரை மேல் விளிம்பில் வைத்து ஒரே இழுப்பாகக் கீழே கொண்டுவந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துணியில் துடையுங்கள். கடைசியில் நாலு ஓரத்தையும் காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அதற்குள் அந்த அம்மா படியிறங்கி வந்திருப்பார். துடைத்த கண்ணாடியையும் பக்கத்துக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்ப்பார், சிலர் விரலால் தொட்டும் பார்ப்பார்கள். வேலை கையில் வந்துவிட்டால் நடுக்கம் நின்றுவிடும், கைக்குத் தெரிந்த வேலைதானே.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): நான் பி.காம். படித்தவன். தெரிந்தவர்கள் யாராவது கதவைத் திறந்தால் என்ன செய்வது என்று கூச்சமாக இருக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்பது போலத் தோன்றுகிறது.

பதில்: இந்தக் கூச்சத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நம் ஊரில் துடைக்கிற, கழுவுகிற வேலையைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் ஆழமாக இருக்கிறது, அது உங்கள் மனசிலும் ஏறியிருக்கிறது. ஆனால் நீங்கள் செய்வதைக் கணக்காகப் பாருங்கள். வேலையை முதலில் செய்து காட்டுகிறீர்கள், பிடித்தால்தான் பணம். பிச்சை இதில் எங்கே வருகிறது? இங்கிலாந்தில் ஜன்னல் துடைப்பவர் குறிப்பிட்ட வாரக் கணக்கில் அதே தெருவுக்கு மறுபடி மறுபடி வருவது சாதாரண விஷயம். அங்கேயும் பலர் கதவைத் தட்டித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

ஆரம்பத்தில் யாரும் தெரியாத தெருவில் போணி பண்ணுங்கள். மஞ்சக்குப்பம், செம்மண்டலம் பக்கம் போகலாம். கூச்சம் விட்டதும் சொந்தத் தெருவுக்கு வந்துவிடுங்கள். ஒளிந்துகொண்டே இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. 'நம்ம பையன்' என்ற நம்பிக்கை சொந்தத் தெருவில்தான் கிடைக்கும், அதை வீணாக்காதீர்கள்.

கேள்வி (ரெட்டியார்பாளையம்): 'வேண்டாம்' என்று முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துகிறார்கள். அன்று முழுக்க மனசு சரியில்லாமல் போகிறது.

பதில்: கதவைத் திறந்தவருக்கு அடுப்பில் பால் இருக்கலாம், குழந்தை அழுதுகொண்டிருக்கலாம். உங்களை அவருக்குத் தெரியவே தெரியாது, அப்புறம் எப்படி அது உங்களைப் பற்றிய தீர்ப்பாகும்?

வந்த பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'இப்ப வேண்டாம்' என்பதும் 'வேண்டாம்' என்பதும் ஒன்றில்லை. 'சார் வந்தாத்தான் கேக்கணும்' என்றால், சார் எப்போது இருப்பார் என்று துருவாதீர்கள், அது சந்தேகத்தைக் கிளப்பும். 'ஞாயித்துக்கிழமை காலைல வரட்டுங்களா?' என்று மட்டும் கேளுங்கள். 'வேலை செய்றவங்க துடைச்சிடுவாங்க' என்றால், வெளிப்பக்கக் கண்ணாடி அவர்கள் கைக்கு எட்டுமா என்று ஒரே ஒரு கேள்வி. எட்டாது என்பது அவர்களுக்கே தெரியும். நேரடியாக 'வேண்டாம்' என்றால் 'சரிங்கம்மா, நன்றி' என்று சொல்லி, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வாருங்கள். நீங்கள் போகிற விதத்தையும் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு சின்ன நோட்டில் தெரு, வீட்டு எண், சொன்ன பதில் இந்த மூன்றையும் எழுதுங்கள். எழுதுகிற அந்த அரை நிமிஷத்தில் மனசு ஆறிவிடும். அப்புறம் டீக்கடைக்குப் போகாமல் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். கசப்பான ஒரு வீட்டுக்குப் பிறகு போய் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பது கஷ்டம்.

கேள்வி (வில்லியனூர்): எந்த நேரத்தில் போனால் நல்லது?

பதில்: காலை 10லிருந்து 12 வரை, சாயங்காலம் 4:30லிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை. மதியம் வேண்டவே வேண்டாம். பாண்டியில் மதியம் பல கடைகளே சாத்தியிருக்கும், வீட்டிலும் கண்ணயரும் நேரம். ராகு காலம் பார்க்கிற வீட்டில் அந்த நேரத்தில் புது வேலை பேச மாட்டார்கள். வெள்ளிக்கிழமை 10:30லிருந்து 12 வரை ராகு காலம், சனிக்கிழமை 9லிருந்து 10:30 வரை. வெள்ளிக்கிழமையிலும் விளக்கு வைத்தபிறகும் கையிலிருந்து பணம் கொடுக்காத வீடுகள் நிறைய. அன்றைக்குப் பேசி வையுங்கள், வேலையும் பணமும் வேறு நாளில் இருக்கட்டும். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அவர்களே சுத்தம் செய்யும் யோசனையில் இருப்பார்கள். பயந்தவர்கள் ஆரம்பிக்க அதுதான் சரியான நேரம்.

கேள்வி (அரியாங்குப்பம், பெண்): நானும் இந்த வேலையில் இறங்க ஆசைப்படுகிறேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. இதையும் கூச்சம் என்று தள்ளிவிட வேண்டுமா?

பதில்: தள்ளாதீர்கள் அம்மா. கூச்சம் வேறு, எச்சரிக்கை வேறு. உங்களுடையது எச்சரிக்கை, அது இருக்கட்டும். துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி கேளுங்கள். போனில் இருப்பிடத்தை வீட்டிலுள்ள ஒருவருக்குத் தொடர்ந்து தெரியும்படி வையுங்கள். முதல் தடவை பேச்சு எல்லாம் கேட்டுக்கு வெளியேதான். வீட்டில் ஆண் மட்டும் தனியாக இருந்தால், வெளிப்பக்கம் மட்டும் என்றாலும், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு சாதகமும் உங்களுக்கு இருக்கிறது. பகலில் கதவைத் திறப்பது பெரும்பாலும் பெண்கள், இன்னொரு பெண் என்றால் உள்பக்கக் கண்ணாடிக்கும் தயங்காமல் சம்மதிப்பார்கள்.

கேள்வி (முதலியார்பேட்டை): நோட்டம் பார்க்க வந்தவனா என்று ஒருவர் கேட்டுவிட்டார். அதிலிருந்து போகவே மனசு வரவில்லை.

பதில்: மனசு நொந்திருக்கும், புரிகிறது. ஆனால் அவர் பயமும் நியாயமானதுதான். அதனால் அவர் பயத்தை முதலில் குறையுங்கள். போட்டோ போட்ட அடையாள அட்டை கழுத்தில் தொங்கட்டும், வாளியும் வைப்பரும் கண்ணில் படும்படி கையில் இருக்கட்டும். ஒரே தடவை மணி அடித்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் நில்லுங்கள், முகம் முழுசாகத் தெரியும். உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் நீங்கள் வேலை செய்யும் வீட்டைச் சொல்லலாம் என்றால், அந்த வீட்டாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சொல்லுங்கள். அடுக்குமாடியாக இருந்தால் வாட்ச்மேனைத் தாண்டிப் போக முயலாமல் அசோசியேஷன் செயலாளரைப் பாருங்கள்.

கேள்வி (கோரிமேடு): நாய் இருக்கும் வீடு?

பதில்: கேட்டைத் திறக்காதீர்கள். வெளியிலிருந்தே குரல் கொடுங்கள்.

கேள்வி (எல்லைப்பிள்ளைச்சாவடி): 'எவ்வளவு?' என்று கேட்டதும் குரல் இறங்கி, நினைத்ததில் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

பதில்: விலையை வாசலில் வைத்து முடிவு செய்வதால் வரும் வினை இது. ஒரு ஜன்னல் கதவின் கண்ணாடிக்கு இவ்வளவு, கொசுவலைக்கு இவ்வளவு என்று வீட்டிலேயே எழுதி வையுங்கள். கேட்டதும் சத்தமாக எண்ணுங்கள்: "முன்னாடி நாலு, மாடில ரெண்டு, மொத்தம் ஆறு." எண்ணும்போதே குரல் நிலைக்கு வந்துவிடும். அப்புறம் தொகையைச் சொல்லி நிறுத்துங்கள். பேரம் பேசினால் வேலையைக் குறையுங்கள், விலையைக் குறைக்காதீர்கள். 'வலையை விட்டுட்டு கண்ணாடி மட்டும் பண்றேன்' என்றால் இருவருக்கும் கௌரவம். வாடிக்கை பிடிக்கும் ஆசையில் சன்ஷேடில் ஏறுகிறேன் என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீளக் கம்பில் எட்டுகிற உயரம் வரைக்கும்தான் உங்கள் வேலை.

கேள்வி (குருசுக்குப்பம்): கடற்கரைப் பக்கம் என்ன சொல்லிக் கேட்பது?

பதில்: உப்பு. கடல்காற்றில் கண்ணாடி மங்கிப்போவது அங்கே இருப்பவர்களுக்குத் தினமும் தெரிகிற விஷயம். அதில் மணலும் ஒட்டியிருக்கும், காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் தண்ணீர் ஊற்றித்தான் இறக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் பேசுகிறார் என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே புரிந்துவிடும். பழைய பிரெஞ்சு வீடுகளில் கண்ணாடி இல்லாமல் மரப்பட்டைகள் சாய்வாக அடுக்கிய ஜன்னல்கள் உண்டு, அங்கே போய்க் கண்ணாடியைப் பற்றிப் பேசாமல் முதலில் நன்றாகப் பாருங்கள்.

கேள்வி (கடலூர் முதுநகர்): மழைக்காலம் வந்தால் யார் ஜன்னல் துடைக்கக் கூப்பிடப் போகிறார்கள்? அந்த மூன்று மாசம் கேட்கவே தயக்கமாக இருக்கும்.

பதில்: அக்டோபருக்கு முன்னாலேயே கிளம்புங்கள், கண்ணாடியை விட்டுவிட்டு ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த் தடத்தைக் காட்டுங்கள். தண்ணீர் வெளியே வடிய அதில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். தூசியும் முடியும் இறந்த பூச்சியும் அடைத்துக்கொண்டால், அடித்துப் பெய்யும் மழையில் தடம் நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள் வழியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இரவெல்லாம் ஜன்னல் ஓரத்தில் பழைய துணியைத் திணித்துக்கொண்டிருந்த வீடுகள் உண்டு, அவர்களுக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம். பழைய டூத் பிரஷ், ஒரு மெல்லிய கம்பி, அரை டம்ளர் தண்ணீர் எடுத்துப் போங்கள். ஒரு தடத்தைத் தோண்டிச் சுத்தம் செய்து, அவர்கள் கையாலேயே தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். வெளிச்சுவர் பக்கம் அது வடிவதைப் பார்த்ததும், மீதி ஜன்னலுக்கு எவ்வளவு ஆகும் என்று அவர்களே கேட்பார்கள்.