அப்பாவின் கையொப்ப மட்டைக்கு என்ன விலை?

கேள்வி: என் அப்பா கண்டியில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தவர். 2007 டிசம்பரில் அஸ்கிரிய டெஸ்ட் நடந்தபோது முரளிதரனும் மற்ற வீரர்களும் கையொப்பமிட்ட கிரிக்கெட் மட்டை ஒன்று அவருக்குக் கிடைத்தது. போன வருடம் அப்பா காலமாகிவிட்டார். அம்மாவும் பிள்ளைகள் மூவரும் இருக்கிறோம். விலை விசாரித்துச் சொல்வதாகக் கொழும்புக்காரர் ஒருவர் மட்டையை வாங்கிப்போனார். இப்போது என் வங்கிக் கணக்கில் 25,000 ரூபா போட்டுவிட்டு, "அது எனக்கு விற்றாச்சு" என்கிறார். முகநூலில் 12 இலட்சம் என்று விளம்பரமும் போட்டிருக்கிறார். அந்தப் பணத்தை வழக்குப் போட்டு வாங்கலாமா? (தலவாக்கலை வாசகர்)

பதில்: 12 இலட்சத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது அவர் கேட்கிற விலை. யாரும் கொடுத்த விலை இல்லை. உங்களை உண்மையில் சிக்கலில் மாட்டக்கூடியது அந்த 25,000தான்.

நமது பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டினது. எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும், விலையில் ஒரு பகுதி கைமாறியிருந்தால் வாய்ப்பேச்சு விற்பனையைக்கூட அது ஏற்றுக்கொள்ளும். நீங்கள் பேசாமல் இருக்க இருக்க, அந்தப் பணம் மட்டையின் விலையாகவே மாறிக்கொண்டிருக்கிறது. ஆகவே அதில் கைவைக்காமல் வந்த கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். "இதை விலையாக ஏற்கவில்லை, மட்டையைத் திருப்பித் தாருங்கள்" என்று சட்டத்தரணி மூலம் ஒரு கோரிக்கைக் கடிதமும் பதிவுத் தபாலில் போகட்டும். விலை பார்க்கத்தான் கொடுத்தீர்கள் என்பதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும், அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று, மட்டை உங்களுடையது மட்டும் இல்லை. கண்டியில் இருந்தவர் என்றால் கண்டியச் சட்டம், தமிழர் என்றால் தேசவழமை என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். முன்னது கண்டியச் சிங்களவர்களுக்கும் பின்னது யாழ்ப்பாணத் தமிழர்களுக்கும் உரியவை. மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டம். அதன்படி, மரண சாசனம் இல்லையென்றால் பாதி அம்மாவுக்கு, மீதிப் பாதியில் உங்கள் மூவருக்கும் ஆளுக்கு மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. நீங்களே விற்றிருந்தாலும் அம்மாவின் பங்கை விற்க உங்களுக்கு உரிமை இல்லை. கடிதத்தில் நால்வரும் சேர்ந்து நில்லுங்கள்.

சரி, பெறுமதி. வழக்கு மனுவில் அதை எழுதியாக வேண்டும். மட்டை கை மாறிவிட்டால் நட்டஈடும் அதை வைத்துத்தான். ஒருவேளை விற்பனை நடந்தது என்றே நீதிமன்றம் முடிவுசெய்தாலும், விலை பேசப்படாத இடத்தில் நியாயமான விலை கொடுக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். எது நியாயம் என்பதற்குச் சாட்சி வேண்டும்.

2020இல் அவுஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வோர்னின் டெஸ்ட் தொப்பி பத்து இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் போனதே என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது அவர் தலையில் அணிந்த தொப்பி. ஏலமும் காட்டுத்தீ நிவாரணத்துக்காக நடந்தது. தர்மத்துக்குக் கொடுத்த தொகையைச் சந்தை விலை என்று காட்டினால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இரண்டே கேள்வியில் உடைத்துவிடுவார்.

உங்கள் மட்டையின் பெறுமதி முழுக்க அதன் கதையில் இருக்கிறது. அந்த டெஸ்டில்தான், டிசம்பர் 3ஆம் திகதி, முரளிதரன் இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை வீழ்த்தித் தன் 709ஆவது விக்கெட்டை எடுத்து, டெஸ்ட் விக்கெட் சாதனையில் வோர்னைத் தாண்டினார். கையொப்பங்கள் அந்த நாட்களில் போடப்பட்டவை என்று காட்ட முடிந்தால் விலை ஒன்று. முடியாவிட்டால் அது முரளி கையொப்பமிட்ட எத்தனையோ மட்டைகளில் ஒன்று. அவர் நலமாக இருக்கிறார், கேட்டால் இன்றும் கையொப்பமிடுவார். அப்பாவின் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, மட்டையோடு எடுத்த பழைய படம், கூட வேலை செய்தவரின் சத்தியக்கடதாசி எல்லாவற்றையும் தேடி எடுங்கள். படத்தில் தெரிகிற ஒவ்வொரு கையொப்பத்தையும் அந்தப் போட்டி அணியின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போது அணியிலேயே இல்லாத ஒருவரின் பெயர் இருந்தால், நீதிமன்றம் போகுமுன் அதற்கு விளக்கம் தேவை.

தொழிற்சாலையிலேயே கையொப்பம் அச்சடித்து வரும் நினைவு மட்டைகளும் உண்டு. உங்களுடையது அப்படித்தான் என்று அந்தக் கொழும்புக்காரர் வாதாடலாம். வாதாடட்டும், அச்சு மட்டைக்கு 12 இலட்சம் கேட்டது ஏன் என்று நாம் கேட்போம். அந்த விளம்பரம் விலைக்குச் சாட்சியாகாது, அவர் வாய்க்குச் சாட்சியாகும். கையெழுத்து நிபுணரின் கருத்தைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் படத்தை வைத்து அவர் உறுதியாகச் சொல்வது கடினம், அசல் வேண்டும். மதிப்பீட்டை மட்டையை வாங்க ஆசைப்படாத இருவரிடம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இதுபோன்ற மட்டைகள் உண்மையில் விற்றுப்போன விலைகளும், எந்த ஏலம், எந்தத் திகதி என்பதும் அதில் இருக்க வேண்டும்.

பொலிஸில் குற்றவியல் நம்பிக்கை மோசடி என்று முறைப்பாடு செய்யலாம். தண்டனைச் சட்டக் கோவையின் 388, 389ஆம் பிரிவுகள். பெறுமதி சட்டம் சொல்லும் வரம்புக்குள் இருந்தால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிவரும், அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. வழக்கில் முதல் கோரிக்கை மட்டையைத் திருப்பித் தருவதாக இருக்கட்டும், பணம் அடுத்தபடி. கூடவே, அதை வேறு யாருக்கும் விற்காதபடி இடைக்காலத் தடையுத்தரவும் கேளுங்கள். நட்டஈட்டு வழக்குக்குக் கால எல்லை 2 ஆண்டுகள்தான்.

முகநூல் விளம்பரத்தைத் திகதியும் அவர் பெயரும் தெரியும்படி இன்றே படமெடுத்து வையுங்கள். கோரிக்கைக் கடிதம் கிடைத்த அன்றே அது காணாமல் போய்விடும்.